இயற்கை சார்ந்த இடர்களை மருத்துவமனைகள் எந்த முறையில் கணித்து வெளியிடுவது? கொங்கு நாட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் நூறு முதல் முந்நூறு படுக்கைகள் வரை கொண்ட அறக்கட்டளை மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் பல உள்ளன. தங்கள் நிறுவனம் ஆற்றையும் நிலத்தடி நீரையும் காட்டையும் எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது, அவற்றுக்கு என்ன செய்கிறது, அதன் விளைவாக நாளை தனக்கு என்ன நேரும் என்பதைக் கணித்து வெளியிடுவதா, வெளியிடுவதென்றால் எந்த முறையைப் பின்பற்றுவது என்ற கேள்வியை அவற்றின் நிர்வாகக் குழுக்கள் நெடுநாள் தள்ளிப்போட முடியாது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மான்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் 15ஆவது இலக்கு, பெரிய நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் பல்லுயிர் மீதான தங்கள் சார்பையும் தாக்கத்தையும் இடர்களையும் மதிப்பிட்டு வெளியிட அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. இருநூறு படுக்கை மருத்துவமனை ஒன்று நேரடியாக அந்த வரம்புக்குள் வராது. ஆனால் அதற்கு மருந்து விற்கும் நிறுவனமும் கடன் கொடுக்கும் வங்கியும் வரக்கூடும். அவற்றிடம் கேட்கப்படும் கேள்விகள் படிப்படியாக இறங்கி இங்கேயும் வந்து சேரும்.

இன்று தெரிவு செய்யத்தக்க வழிகள் நான்கு. சட்டம் கேட்பதை மட்டும் செய்து நிறுத்திக்கொள்வது முதல் வழி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வகுத்திருக்கும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை, அதாவது பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தை, விரும்பி ஏற்பது இரண்டாவது. இயற்கை சார்ந்த நிதி வெளிப்படுத்தலுக்கான பணிக்குழு, சுருக்கமாக டி.என்.எஃப்.டி., 2023 செப்டம்பரில் வெளியிட்ட பரிந்துரைகளைப் பின்பற்றுவது மூன்றாவது. நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட பல்லுயிர்த் தரநிலையான ஜி.ஆர்.ஐ. 101இன்படி எழுதுவது நான்காவது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் கணிப்பை டி.என்.எஃப்.டி. முறையின் முதல் படியிலிருந்து, அதாவது இடத்திலிருந்து, தொடங்க வேண்டும், வெளியீட்டைச் சிறியதாக, தமிழில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களும் படிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும், முழு டி.என்.எஃப்.டி. அறிக்கை இப்போதைக்குத் தேவையில்லை. இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதை விளக்க, இங்கே இடர் எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மருத்துவமனை எதை நம்பியிருக்கிறது

கோவை நகரத்தில் ஒரு மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் வருகின்றன. போதாததற்கு ஆயிரம் அடி ஆழத்துக்குப் போட்ட போர்வெல் இருக்கிறது. அதுவும் கைவிட்டால் லாரித் தண்ணீர் வாங்கலாம். நிர்வாக அலுவலரைக் கேட்டால், நான்கு வழிகள் இருப்பதால் கவலையில்லை என்றுதான் சொல்வார். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. சிறுவாணி ஆறு அட்டப்பாடிப் பக்கம் இறங்கி பவானியில் கலக்கிறது. பில்லூர் அணையோ அந்தப் பவானியின் குறுக்கேதான் நிற்கிறது. ஆக, குழாயில் இரண்டு பெயர்களில் வரும் தண்ணீர் ஒரே வடிநிலத்தின் தண்ணீர். இரண்டுமே தென்மேற்குப் பருவமழையையும், பெய்த மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் நம்பியவை. ஒரு பருவம் பொய்த்தால் இரண்டும் ஒருசேரக் குறையும். அப்போது ஊர் முழுவதும் போர்வெல்லை நோக்கித் திரும்பும். லாரிக்காரரும் அதே நிலத்தடியிலிருந்துதான் எடுத்து வருவார்.

இதன் விளைவு எல்லாப் பிரிவுகளிலும் ஒரே அளவில் இராது. டயாலிசிஸ் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நான்கு மணி நேரச் சிகிச்சையில், நிமிடத்துக்கு 500 மில்லி என்ற ஓட்டத்தில், ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் செலவாகிறது. இருபது இயந்திரங்கள் நாளொன்றுக்கு இரண்டு முறை ஓடினால் 4,800 லிட்டர். அதைத் தயாரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீர் இதில் சேரவில்லை. மென்மையான சிறுவாணித் தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் அந்த வெளியேற்றம் கூடும், சவ்வு சீக்கிரம் கெடும், சுத்திகரிப்புச் செலவு ஏறும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தே ஆக வேண்டியவர். தண்ணீர் வரும்வரை தள்ளிப்போடச் சொல்லி அவரை அனுப்ப முடியாது. மலையில் இருக்கும் காட்டுக்கும் கோவைப் பீளமேட்டில் இருக்கும் டயாலிசிஸ் படுக்கைக்கும் இடையிலான இந்தத் தொடர்புதான் இயற்கை சார்ந்த இடர் என்பதன் முழுப் பொருள். மற்றவை எல்லாம் இதன் விரிவு.

மருந்தைப் பார்த்தாலும் இதே நிலைதான். கீல்வாதம் என்று நாம் சொல்லும் கவுட் நோய்க்குக் கொடுக்கப்படும் கோல்சிசின் என்ற மருந்து கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. சங்க இலக்கியம் காந்தள் என்று பாடிய, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே அது. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில்தான் அது பெரிதும் பயிராகிறது. பூ பூக்கும் நாட்களில் விதைப்பிடிப்புக்காக ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: வண்டும் பட்டாம்பூச்சியும் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பங்குக்கு இங்கே ஏற்கெனவே கூலி கொடுக்கப்படுகிறது. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குறைந்த அளவு கோல்சிசினை இதயநோய் இடரைக் குறைப்பதற்கும் அனுமதித்தது. ஒரு சில வட்டங்களின் நிலத்தையும் மழையையும் நம்பி நிற்கும் ஒரு மூலப்பொருளுக்கு உலகத் தேவை கூடுகிறது என்றால், அது மருந்து நிறுவனத்துக்கு வாய்ப்பாகவும் இடராகவும் ஒரே நேரத்தில் அமைகிறது.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. மருத்துவத் துறை இயற்கைக்குச் செய்தது மனிதருக்கே திரும்பி வந்ததற்கு, நம் வாசலுக்கு அருகிலேயே சான்று கிடக்கிறது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்டு, அவற்றின் இறந்த உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்ட பிறகும், மனிதருக்கென்று தயாரிக்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் 2015இல் மனிதருக்கான ஊசிக் குப்பியையும் 3 மில்லி அளவுள்ள ஒற்றை வேளைக் குப்பியாகச் சுருக்கினார்கள். இறந்த கால்நடைகளைத் தின்று அகற்றிவந்த கழுகுகள் அழிந்து நோய் பரவியதால் 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித இறப்புகள் நேர்ந்திருக்கும் என்று இரு பொருளியல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காப்பதற்கு இன்று எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பியின் அளவு என்ற சிறு தயாரிப்பு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை எந்த நிறுவனமும் அன்று தன் இடர்ப் பட்டியலில் எழுதி வைத்திருக்கவில்லை.

சட்டத்தோடு நின்றுவிடுவது

முதல் வழியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை ஒரு மருத்துவமனை முழுமையாகக் கடைப்பிடித்தாலே பெரும்பகுதி தீங்கு தடுக்கப்பட்டுவிடும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்தல், உடற்பாகக் கழிவையும் இரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திராமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புதல், பைகளில் பார்கோடு ஒட்டுதல் ஆகியவற்றைச் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நன்கு அறிவார்கள். ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளிப்பதோடு அதை இணையதளத்திலும் வைக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. அதாவது வெளியிடும் கடமை நமக்குப் புதிதன்று.

கழிவுநீருக்கு அந்த விதிகள் வகுத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்னும் கழிவு எவ்வளவு என்று காட்டும் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250 மில்லிகிராம் என்ற எண்களோடு, எதுவும் கலக்காத மருத்துவமனைக் கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்க வேண்டும் என்ற சோதனையும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. முனையில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாத சாக்கடையோடு இணைந்த மருத்துவமனைகளுக்கும், பொதுச் சாக்கடை இணைப்பே இல்லாதவற்றுக்கும் இந்த அளவுகள் பொருந்தும். பாதாளச் சாக்கடை முழுமையடையாத நம் ஊர்களில், பெரும்பாலான மருத்துவமனைகள் தம்மை இந்த வரம்புக்குள் வைத்தே பார்த்துக்கொள்வது நல்லது. தன் கழிவுநீரில் மீன் பிழைக்கிறது என்று ஒரு மருத்துவமனை சோதனை முடிவோடு வெளியிட்டால், அதைப் புரிந்துகொள்ள எந்த விவசாயிக்கும் நிபுணர் துணை வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த வழி இரண்டு இடங்களில் கண்ணை மூடிக்கொள்கிறது. சட்டம் வெளியே போவதைப் பார்க்கிறது. உள்ளே வருவதைப் பார்ப்பதில்லை. சிறுவாணியும் பில்லூரும் ஒரே வடிநிலம் என்ற உண்மை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுக்கும் எந்த இசைவாணை விண்ணப்பத்திலும் வெளிப்படாது. அடுத்தது, மீன் நான்கு நாள் உயிர் வாழ்ந்துவிட்டதாலேயே அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் தீங்கற்றது ஆகிவிடாது. ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு அந்தப் பட்டியலில் வரம்பே இல்லை. நோயாளியின் உடலில் போன ஆன்டிபயாட்டிக்கில் ஒரு பகுதி மாறாமலேயே சிறுநீரில் வெளியேறி, கழிவுநீர் வழியாகக் குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. அங்கே மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை மீண்டும் அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளியின் உடலிலேயே வந்து சேர முடியும். கோழிப் பண்ணைகள் மிகுந்த நாமக்கல்லில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது நினைவிருக்கும். பண்ணை ஒரு பக்கம், மருத்துவமனை மறுபக்கம் என இரண்டும் ஒரே நீர்நிலைக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, சட்டப்படி எல்லாம் சரி என்ற சான்று நோயாளிக்கு எந்தக் காப்பும் தராது.

சட்டத்தோடு நிற்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைக் கோவை, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு நமக்குக் கற்பித்திருக்கிறது. பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டப்பட்டு 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் நின்றன. ஒவ்வோர் ஆலையும் கையில் வைத்திருந்த இசைவாணையும், சேர்ந்திருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர் நிலையும் அன்று துணைக்கு வரவில்லை. ஆறு தாங்கும் அளவு தீர்ந்துகொண்டிருந்தது என்ற ஒரு கணக்கு எந்த ஆலையின் ஐந்தொகையிலும் இடம்பெறாததால், கடன் கொடுத்த வங்கியும் வேலைக்கு வந்த தொழிலாளியும் அதை மூடும் ஆணையிலிருந்தே அறிந்துகொண்டார்கள். மருத்துவமனையின் கழிவு அளவிலும் தன்மையிலும் சாய ஆலையின் கழிவுக்கு ஒப்பாகாது என்பது உண்மை. எழுதாமல் விட்ட இடர் ஒரே நாளில் வந்து விழும் முறை மட்டும் இரண்டுக்கும் பொது.

செபி படிவம்

சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022–23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். கட்டாயம். ஒன்பது கோட்பாடுகளில் ஆறாவது சுற்றுச்சூழலைப் பற்றியது. எடுத்த தண்ணீர் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு, நிலத்தடியிலிருந்து எவ்வளவு, பிறரிடம் வாங்கியது எவ்வளவு, வெளியேற்றியது எவ்வளவு, கழிவு வகைகள் எவை என்று அது கட்டம் கட்டிக் கேட்கிறது. இதனால் பெரிய பயன் உண்டு: ஒவ்வோர் ஆண்டும் ஒரே கட்டத்தில் எண் நிரப்புவதால், போர்வெல்லிலிருந்து எடுப்பது கூடிக்கொண்டே போவது கண்ணில் படும். தண்ணீர் மீட்டரே இல்லாத மருத்துவமனைக்கு மீட்டர் பொருத்த வேண்டிய கட்டாயமாவது வரும். கணக்குப் பிரிவினர் இதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்வார்கள். தணிக்கையாளர்களுக்கும் பழகிய படிவம்.

அதன் குறை இடம் பற்றிய கேள்வியில் தெரிகிறது. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் உணர்திறன் மிக்க பகுதிகளில், அதாவது சரணாலயம், புலிகள் காப்பகம் போன்றவற்றிலோ அவற்றை ஒட்டியோ, நிறுவனம் இயங்குகிறதா என்று படிவம் கேட்கும். கோவை நகரின் அவினாசி சாலையில் இருக்கும் மருத்துவமனை அதற்கு "பொருந்தாது" என்று எழுதும், எழுதியது பொய்யுமன்று. பல்லுயிர்த் தாக்கம் பற்றிய அடுத்த கேள்வியும் அந்த ஒரு சொல்லோடு கடந்துபோகும். தன் தண்ணீர் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னமாக 2012இல் அறிவிக்கப்பட்ட மலைத்தொடரிலிருந்து வரும் ஒரு மருத்துவமனை, இயற்கையோடு தனக்குத் தொடர்பில்லை என்று முறைப்படி அறிவித்துவிட முடிகிறது என்றால், அந்தப் படிவத்தை மட்டும் நம்பி இடரைக் கையாள முடியாது. மேலும் அந்தப் படிவம் பங்குதாரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அறக்கட்டளை மருத்துவமனைக்குப் பங்குதாரர் என்று யாரும் இல்லை.

டி.என்.எஃப்.டி.யும் ஜி.ஆர்.ஐ.யும்

டி.என்.எஃப்.டி. பரிந்துரைகள் 14. நிர்வாகம், உத்தி, இடர் மற்றும் தாக்க மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்ற நான்கு தூண்களின் கீழ் அவை அடுக்கப்பட்டுள்ளன. காலநிலைக்கென்று முன்பு வகுக்கப்பட்ட டி.சி.எஃப்.டி. முறையைத் தழுவியவை என்பதால் அமைப்பு புதிதன்று. புதிதாக அமைந்தது லீப் என்ற கணிப்பு முறை. இயற்கையோடு தொட்டுக்கொள்ளும் இடங்களைக் கண்டறிதல், அங்கே நிறுவனத்தின் சார்பையும் தாக்கத்தையும் மதிப்பிடுதல், அவற்றிலிருந்து எழும் இடரையும் வாய்ப்பையும் கணித்தல், பதிலளிக்கவும் வெளியிடவும் ஆயத்தமாதல் என்று நான்கு படிகள். முதல் படி இடம் என்பதே இதன் பலம். அந்தப் படியைத் தொடங்கும் எந்த மருத்துவமனையும் தன் தண்ணீர்க் குழாயைப் பின்தொடர்ந்து பில்லூருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தன் சாக்கடையைப் பின்தொடர்ந்து உக்கடத்திலோ ஒண்டிப்புதூரிலோ உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து நொய்யலில் இறங்கி, சூலூர்க் குளம், ஒரத்துப்பாளையம் என்று கீழே நடந்து, நொய்யல் காவிரியில் கலக்கும் கரூர் மாவட்டம்வரை வரைபடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

இடரை நேரடியானவை; கொள்கை, சட்டம், சந்தை ஆகியவற்றின் மாற்றத்தால் வருபவை; அமைப்பு முழுவதையும் பாதிப்பவை என்று இம்முறை மூன்றாகப் பிரிப்பதும் நமக்கு உதவுகிறது. சிறுவாணி குறைவது முதல் வகை. நாளை ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டால் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியிருக்கும்; அது இரண்டாம் வகை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா கண்டபோது வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை நடத்த வேண்டி வந்ததை மூன்றாவதோடு சேர்க்கலாம்: பழந்தின்னி வௌவாலும் மனிதரும் நெருங்கி வாழும் நிலத்தில் ஒரு நோய் எழும்போது, பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனைகள் எல்லாவற்றின் தனிமை வார்டுகளும் ஒரே நேரத்தில் சோதனைக்குள்ளாகும். டி.என்.எஃப்.டி. உள்ளூர்ச் சமூகங்களோடும் பழங்குடி மக்களோடும் கலந்து பேச வேண்டும் என்பதையும் பொதுத் தேவைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மலையடிவாரத்து இருளர் குடியிருப்புகளுக்கு நடமாடும் மருத்துவ வண்டி அனுப்பும் மருத்துவமனைகள் இங்கே உண்டு. காடு மாறுவதை முதலில் அறிபவர்களிடம் பேச அவற்றுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

சுமை என்னவென்றால், முழு அறிக்கைக்கு வேண்டிய தரவும் ஆளும் நம் அளவிலான நிறுவனத்திடம் இல்லை. மருந்து, கையுறை, ஊசி, உணவு என்று கொள்முதல் சங்கிலி முழுவதையும் பின்தொடரச் சொல்லும் இடத்தில் இருநூறு படுக்கை மருத்துவமனை திணறிப்போகும். விநியோகஸ்தரிடம் கேட்டால் பதில் வராது. உலக அளவில் 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இம்முறையை ஏற்பதாக 2024இல் அறிவித்திருந்தன, ஜி.எஸ்.கே. போன்ற மருந்து நிறுவனங்கள் அவற்றில் முன்னணியில் நின்றன. தன் தடுப்பூசி ஒன்றின் வீரியத்தைக் கூட்டும் துணைப்பொருளுக்கு சிலி நாட்டின் குயில்லாயா மரப்பட்டையை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அது நியாயமான முதலீடு. நம்முடைய மருத்துவமனை அதைப் பார்த்து அப்படியே செய்ய முற்பட்டால், ஆலோசகர் ஒருவர் வந்து வேறெங்கோ எழுதிய பக்கங்களில் பெயரை மாற்றிக் கொடுத்துப் போவார். பணமும் போகும், கண்ணும் திறக்காது.

ஜி.ஆர்.ஐ. 101 பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் இயற்கைக்கு என்ன செய்கிறது என்பதை அது ஆழமாகக் கேட்கிறது. இயற்கை நிறுவனத்துக்கு என்ன செய்யும் என்பது அதன் முதன்மை நோக்கமன்று. ஏற்கெனவே ஜி.ஆர்.ஐ. முறையில் அறிக்கை வெளியிட்டு வரும் பெரிய மருத்துவமனைக் குழுமத்துக்கு அது இயல்பான அடுத்த அடி. புதிதாகத் தொடங்குபவருக்கு அன்று.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஆகவே நான் நிர்வாகக் குழு ஒன்றுக்குப் பரிந்துரைப்பது இதுதான். சட்டக் கடமையை அடித்தளமாகக் கொண்டு, லீப் முறையின் முதல் இரண்டு படிகளை மட்டும் தண்ணீர், கழிவுநீர், நோய் என்ற மூன்று பொருள்களுக்கு இந்த ஆண்டே செய்ய வேண்டும். எண்களை பி.ஆர்.எஸ்.ஆர். ஆறாம் கோட்பாட்டின் கட்டங்களிலேயே எழுதி வைத்தால், பிற்காலத்தில் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ கேட்கும்போது மீண்டும் தொடங்க வேண்டியிராது. கொள்முதல் சங்கிலியில் எல்லாவற்றையும் தொட முயலாமல், மருத்துவமனையின் மருந்தகம் அதிகம் வாங்கும் ஆன்டிபயாட்டிக்குகளை மட்டும் எடுத்து, தயாரிப்பாளரிடம் கழிவுநீர் பற்றி எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் அதையே அறிக்கையில் பதிய வேண்டும்.

இதில் மிகக் கடினமான பகுதி கணிப்பு அன்று, வெளியிடுவதுதான். நம் போர்வெல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றோ, கழிவுநீர் மாதிரி ஒன்று வரம்பைத் தாண்டியது என்றோ நாமே எழுதினால் வாரியத்திலிருந்து ஆள் வருவார்கள், போட்டி மருத்துவமனை பேசும் என்ற அச்சத்தை அறங்காவலர்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரம்பைத் தாண்டிய மாதிரியை மறைப்பதால் அது வரம்புக்குள் வந்துவிடாது. அது எப்போது தாண்டியது, என்ன காரணம், எத்தனை நாளில் சரியாயிற்று என்று தானே எழுதி வைத்திருக்கும் நிறுவனம், வழக்கு வரும் நாளில் தன் நல்லெண்ணத்தைக் காட்ட ஒரு சான்றாவது வைத்திருக்கும். மிகையாக எழுதுவதுதான் உண்மையான சட்ட ஆபத்து. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இல்லாத சூழல் அக்கறையைக் காட்டும் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. "பசுமை மருத்துவமனை" என்று பலகை வைப்பவர் அதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். மரக்கன்று நட்ட புகைப்படத்துக்கு அறிக்கையில் இடம் தரக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வேன்: அது செய்ததைக் காட்டுகிறதே தவிர, இடரைக் காட்டுவதில்லை.

அறிக்கை தமிழில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அதைப் படிக்க வேண்டியவர்கள் யார் என்பதுதான். நொய்யல் வழக்கை நடத்தியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். மருத்துவமனைக்கு நோயாளியாக வருபவர்களும் அவர்கள் குடும்பத்தவரே. எட்டுப் பக்கம் போதும். மீன் சோதனையின் முடிவு, மாதவாரியாக எடுத்த தண்ணீர், எங்கிருந்து எடுத்தது என்ற வரைபடம், டயாலிசிஸுக்கு எத்தனை நாள் தண்ணீர் இருப்பில் வைக்க முடியும் என்ற எண், பயன்படுத்திய ஆன்டிபயாட்டிக் அளவு ஆகியவை அதில் இருந்தால், பதினான்கு பரிந்துரைகளுக்கும் பதில் எழுதிய நூறு பக்க ஆங்கில அறிக்கையை விட அது இந்த ஊருக்குப் பயன்படும்.

இந்தத் தெரிவு எல்லோருக்கும் பொருந்தாது. பங்குச் சந்தையில் இருக்கும் மருத்துவமனைகளும், சென்னை, பெங்களூருவிலிருந்து இங்கே கிளை திறந்திருக்கும் குழுமங்களும் முழு டி.என்.எஃப்.டி. அறிக்கையை நோக்கி இப்போதே நடக்க வேண்டும். ஆளும் பணமும் அவர்களிடம் உண்டு. கண்வலி விதையோ பிற மூலிகையோ வாங்கும் மருந்து நிறுவனங்களும் அவ்வாறே, ஏனெனில் அவர்களுடைய மூலப்பொருளே இயற்கை. 2023இல் திருத்தப்பட்ட உயிரியல் பன்மயச் சட்டம் பயிரிடப்பட்ட மூலிகைகளுக்குச் சலுகை தரும்போதே, எங்கே பயிரானது என்ற சான்றைக் கேட்கிறது. அந்தச் சான்றைத் திரட்டும் வேலையும் லீப் முறையின் முதல் படியும் ஏறத்தாழ ஒன்றுதான். பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் நடத்தும் மருத்துவரைப் பொறுத்தவரை இந்த நான்கில் சட்டம் ஒன்றே போதும். ஒரே வடிநிலத்தில் உள்ள அப்படிப்பட்ட இருபது முப்பது பேர் இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை வழியாகச் சேர்ந்து, தண்ணீர் வரைபடம் ஒன்றைப் பொதுவில் செய்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய அதில் எதுவுமில்லை.

காலக்கணக்கில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தீர்மானம் நிறைவேற்றும்போதே அதைத் தீர்த்துவிட வேண்டும். மருத்துவக் கழிவு ஆண்டறிக்கை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு உரியது; பி.ஆர்.எஸ்.ஆர். நிதியாண்டுக்கு உரியது. முதல் அறிக்கைக்கு ஜனவரி–டிசம்பர் ஆண்டையே கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். ஏற்கெனவே ஜூன் 30க்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய ஆண்டறிக்கையோடு இதையும் சேர்த்து ஏற்றிவிடலாம் என்பதோடு, ஏப்ரல், மே மாதங்களின் தண்ணீர்க் குறைவும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தின் வரத்தும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தையொட்டிய டெங்குக் காய்ச்சலும் ஒரே அறிக்கையில் முழுமையாக அடங்கும். மாத எண்களையும் காட்டினால், நிதியாண்டுக் கணக்கு கேட்பவர்கள் தாங்களே கூட்டிக்கொள்வார்கள்.